மேலக்கோவில்

ஐப்பசி கடைசி வாரம்.
திரையின் ஓரத்தில் சிவப்புக் கோடு
இனி இடமில்லை என்றது.

நூற்றிருபத்தெட்டு ஜிபி.
பாதியைக் கணினியே தின்றுவிடும்.
மீதியில் இருநூற்றுப் பன்னிரண்டு மாடுகள்
நடந்துகொண்டிருக்கின்றன.
நொண்டும் மாடுகள் பற்றியது என் ஆராய்ச்சி.
மானூர், தாழையூத்து, கங்கைகொண்டான்,
தொழுவம் தொழுவமாய்ப் போய்
சிமெண்டுத் தரையில் நடக்கவிட்டு
பக்கவாட்டில் நின்று எடுத்தவை.
ஆளுக்கு மூன்று நிமிடம்.

எதை அழிக்க?
எண்பத்தேழாம் மாடு
இடது பின்னங்காலை ஊன்றுமுன்
ஒருகணம் யோசிக்கும்.
அந்த யோசனைதான் என் மூன்றாம் அத்தியாயம்.
நூற்று நாற்பது நடக்கவே இல்லை.
மூன்று நிமிடமும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.
அதை அழிக்கலாம்.
அழிக்கவில்லை.

வண்ணார்பேட்டையில் மீரான் கடை.
மடிக்கணினியைக் கவிழ்த்துப் பார்த்தவன்
"உள்ள மாத்த முடியாதுக்கா,
பலகையோட சேத்துப் பத்தவச்சு அனுப்பிட்டான்" என்றான்.
அப்புறம் விலாவில் இருந்த பிளவை விரலால் தடவி
"இது இருக்குல்லா."

அதில்தான் ஏற்கனவே ஒன்று இருக்கிறதே,
நாலு வருடமாய்.

நகத்தால் ஓர் அழுத்து.
துள்ளி விழுந்தது கறுப்பு பிளாஸ்டிக்.
வெறும் பிளாஸ்டிக்.
தூசி புகாதிருக்கக் கம்பெனிக்காரன்
செருகி அனுப்பிய பொம்மை.
ஒன்றுமே ஞாபகமில்லாத ஒன்றை
மெமரி கார்டு என்று நம்பி
வெள்ளிக்கிழமைதோறும் துடைத்திருக்கிறேன்.
அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே
அவனிடம் வாங்கலாம் என்று தோன்றியது.

"நீட்டிக்கிட்டு நிக்கது வேண்டாம்,
பஸ்ஸுல ஒருநா ஒடிஞ்சிரும்."
சுண்டுவிரல் நகத்தளவு கார்டு ஒன்றைக்
கட்டையான உறையில் வைத்துத் தள்ளினான்.
விளிம்போடு விளிம்பாய் அடங்கிவிட்டது.
எடுக்க வேண்டுமென்றால் ஊக்கால் நெம்ப வேண்டும்.
அத்தோடு விடவில்லை.
இருநூற்றைம்பத்தாறு என்று முதுகில் எழுதிக்கொண்டு
எட்டோடு நின்றுவிடுகிறவை உண்டாம்,
கடைசி மூலைவரை எழுதிப் பார்த்துத்தான் கொடுத்தான்.
அதற்குள் ரெண்டு டீ. மழை பிடித்துக்கொண்டது.

குறுக்குத்துறையில் என் அறை.
பாபநாசத்தில் தண்ணீர் திறந்தாயிற்று,
ஆற்றுக்குள் இறங்காதீர்கள் என்று
ஆட்டோவில் ஒலிபெருக்கி போகிறது.
ஆற்று நடுவே இருக்கிற முருகன்
வருடா வருடம் முங்குகிறவர்.
வெள்ளம் ஏறுமுன்
உற்சவரையும் உண்டியலையும் பாத்திரங்களையும்
மேலக்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.
மூலவர் கல்லாய் நின்று
தண்ணீரை மேலே போகவிடுவார்.

கணினி புது இடத்துக்குப் பெயர் கேட்டது.
பதினோரு எழுத்துக்கு மேல் கூடாது என்றது.
மேலக்கோவில் என்று அடித்தேன்.
நமக்கு ஆறெழுத்து.
கொம்பையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிற அதற்குச்
சரியாகப் பதினொன்று.

இயங்குதளம் நகராதாம். இருக்கட்டும்.
மற்றதெல்லாம் போகலாம்.
ஒவ்வொன்றாய் நொண்டிக்கொண்டே
மாடுகள் கரையேறத் தொடங்கின.
எண்பத்தேழு கொஞ்சம் யோசித்தது,
என்று சொல்ல ஆசைதான்.
மழையில் மின்சாரம் ஒருமுறை விட்டுவிட்டு வந்தது,
பேட்டரியில் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.
நூற்று நாற்பது
அங்கேயும் நடக்காமல்தான் போய்ச் சேர்ந்தது.

விடியும்போது சிவப்புக் கோடு நீலமாகியிருந்தது.
"கார்டும் ஒருநா போயிரும்க்கா,
வேற ஒண்ணுலயும் போட்டு வைங்க" என்று
மீரான் சொன்னது அப்போதுதான் உறைத்தது.
ஆற்றின் சத்தம் ஜன்னல்வரை வந்தது.

வெள்ளம் வடிந்தால் உற்சவர் இறங்கி வருவார்.
என் மாடுகள் வராது.
கீழே காலியான இடத்துக்கு
இருநூற்றுப் பதின்மூன்று வருகிறது,
ராமையன்பட்டி, காலை ஆறரை.
வலது முன்னங்கால் என்கிறார்கள்.
பார்த்தால்தான் தெரியும்.